நாலு சக்கரமும் ஒரு நோட்டுப் புத்தகமும்

டயரைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் என்ன எழுதக் கிடக்கிறது என்று அம்மணிகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். பட்டுப் புடவை வாங்கும்போது ஜரிகையைப் புரட்டிப் பார்க்கிறோம். கத்தரிக்காயைக் காம்போடு திருப்பிப் பார்க்கிறோம். ஆனால் வீட்டுக்குச் சோறு போடும் வண்டிக்கு நாலு டயர் வாங்க வேண்டுமென்றால், "அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். பணம் யாருடையது? பெரும்பாலும் நீங்கள் கட்டிய சீட்டுப் பணம்!

புதுவை ரெட்டியார்பாளையத்தில் உள்ளே போகாத ஒரு அம்மாளைச் சந்தித்தேன். அவரால்தான் இந்தக் கட்டுரை.

இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே திரும்பினால், சிறிது தூரத்தில் ரெட்டியார்பாளையம் வந்துவிடும். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த பகுதி. பெயரிலேயே உழவர் இருக்கிறார்; ஆனால் இன்று சாலையின் இருபுறமும் கடைகள்தாம். அந்தச் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், வாசலில் கவிழ்த்து அடுக்கிய அண்டாக்களும் சுருட்டி வைத்த சாமியானாத் துணியுமாக ஒரு வீடு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் பாத்திரமும் பந்தலும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். கணவர் காலமான பிறகு தொழிலை நடத்துகிறவர் அந்த அம்மாள். பிக்கப் வண்டியை ஓட்டுகிறவர் அவருடைய மகன்.

"வாங்க தம்பி. உட்காருங்க. டயர் விஷயம்தானே? எங்க வீட்டுல பதினஞ்சு நாளா அதே பேச்சுத்தான்" என்றார்.

சண்டைக்குக் காரணம் ஒரு கல்யாணம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை! அதன் பிறகு வந்த முகூர்த்தம் ஒன்றில், பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் மகன். ஊர் எல்லை வரையில் தார்ச் சாலை. அதன் பிறகு வாய்க்கால் கரை. வண்டி வெகு நிதானமாக, ஊஞ்சல் ஆடுவது போல, பின்பக்கம் திரும்பிக்கொண்டு வாய்க்காலை நோக்கி நகர்ந்ததாம். பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை. நல்லவேளையாக ஒரு பனைமரம் குறுக்கே நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அண்டா போய்ச் சேர்ந்தபோது பெண் வீட்டார் அக்கம் பக்கத்து வீடுகளில் கடன் வாங்கிய குண்டான்களில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வாடகையும் போயிற்று, பெயரும் போயிற்று.

"பட்டன் டயர் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதும்மா" என்பது மகனுடைய கட்சி.

"பட்டன் டயர் விலை என்ன, சாதா டயர் விலை என்ன? கேட்டுக்கிட்டு வாடா" என்பது அம்மாளுடைய கட்சி.

அம்மி கொத்திய கதை

பட்டன் டயர் என்று பேச்சு வழக்கில் சொல்வதைக் கடைக்காரர்கள் "ஆல் டெரெய்ன்" என்கிறார்கள். தார், மண், சரளை எல்லாத் தரைக்கும் உகந்தது என்று பொருள். அதற்கு ஒரு பக்கம் தார்ச் சாலைக்கென்றே செய்த "ஹைவே" டயர். மறு பக்கம் சேற்றுக்கென்றே செய்த "மட்" டயர். மூன்றுக்கும் முக்கிய வேற்றுமை மேலே செதுக்கியிருக்கும் பள்ளத்தில் இருக்கிறது.

அம்மி கொத்துகிறவர் தெருவில் வந்த காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கொத்தாத அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். கொத்திய அம்மியில் பிடித்துக்கொண்டு அரைபடும். ஆனால் ஒரே அடியாக ஆழமாகக் கொத்திவிட்டால் என்ன ஆகும்? பள்ளத்தில் மசாலா தங்கிவிடும், நைஸாக அரையாது. டயரும் அப்படித்தான்.

ஹைவே டயரில் பள்ளம் குறைவு, ரப்பர் அதிகம். தாரின் மீது நிறைய ரப்பர் படிவதால் சத்தம் இல்லாமல் ஓடும், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். நீளவாக்கில் ஓடும் கோடுகள் மழைத் தண்ணீரைப் பின்னால் தள்ளிவிடும். ஆனால் களிமண்ணில் இறங்கினால் அந்தச் சிறு கோடுகள் அடைத்துக்கொண்டு, டயர் கொழுக்கட்டை போல் வழவழப்பாகிவிடும். மட் டயரில் கட்டை கட்டையாக ரப்பர். நடுவே பெரிய இடைவெளி. சக்கரம் சுற்றும்போது சேறு அந்த இடைவெளியிலிருந்து தெறித்து வெளியேறிவிடும். சேற்றில் ராஜா! தார்ச் சாலையிலோ ஹோ என்று இரைச்சல், டீசல் செலவு, சீக்கிரத் தேய்மானம். ஈரத் தாரில் பிரேக் பிடித்தால் நிற்கவும் கூடுதல் தூரம் வேண்டும்.

ஆல் டெரெய்ன் இவை இரண்டுக்கும் நடுவே பிறந்த குழந்தை. இரண்டு பக்கத்துச் சொத்திலும் பங்கு உண்டு. இரண்டு பக்கத்துக் குறையும் கொஞ்சம் உண்டு. பக்கச் சுவர்கள் பெரும்பாலும் தடித்திருக்கும். ஆகவே கூர்மையான கல்லோ வேர்முண்டோ சுலபமாகக் கிழிக்காது. அதற்கு ஈடாக எடை கூடும். எடை கூடினால் எண்ணெய்ச் செலவும் கூடும்.

அண்டா வீட்டு அம்மாளிடம் இதை நான் சொல்லி முடித்ததும், "அப்போ எந்த மண்ணுல எத்தனை நாள் ஓடுதுங்கறதுதானே தம்பி கணக்கு?" என்றார். அலமாரியைத் திறந்து ஒரு நீள நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஒவ்வொரு நடையும் அதில் இருந்தது. தேதி, ஊர், எத்தனை அண்டா, எத்தனை நாற்காலி, வாடகை. மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, தார் உள்ள இடத்துக்கு ஒரு கோடு, மண் உள்ள இடத்துக்கு ஒரு புள்ளி என்று போட்டார்கள். மூன்று மாதத்தில் 64 நடை. புள்ளி விழுந்தது ஒன்பதில்தான். அந்த ஒன்பதிலும் மழை ஈரத்தோடு போனவை நான்கு.

மகன் முகம் வாடியது. எனக்கு என்னவோ அவரிடம் அனுதாபந்தான். பட்டன் டயர் போட்ட வண்டிக்கு ஒரு மிடுக்கு இருக்கத்தான் செய்கிறது.

புஷ் வண்டி ஊரில்

கொஞ்சம் பழைய கதை. புதுவையில் பிரஞ்சுக்காரர் ஆண்ட நாளில் "புஷ் வண்டி" என்று ஒன்று ஓடியது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் கையில் திருப்புகிற பிடி. பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவார். சக்கரம் எவ்வளவு சுலபமாக உருளுகிறது என்பது அந்த ஆளுடைய முதுகுக்குத்தான் தெரிந்திருக்கும்.

காற்றடைத்த டயரை 1888-இல் அயர்லாந்தில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் தம் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தார். பிரான்சில் மிஷெலின் சகோதரர்கள் அதைக் கழற்றி மாட்டும்படி செய்தார்கள். இன்று எல்லாரும் ஓட்டும் "ரேடியல்" டயருக்கு அவர்களுடைய கம்பெனி 1946-இல் உரிமை பதிந்தது. அதே 1946-இல் சென்னை திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, எம்.ஆர்.எஃப். பலூனிலிருந்து பழைய டயருக்கு மேல் ஒட்டும் ரப்பருக்கும், அதிலிருந்து டயருக்கும் வந்தது. இன்று அதற்குப் புதுவையிலேயே, நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஏரிப்பாக்கத்தில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. (எந்தக் கம்பெனிக்கும் நான் தரகு பேசவில்லை. எதை வாங்குவது என்பது உங்கள் சௌகரியம்.)

இன்னொரு வேடிக்கை. மாற்றுச் சக்கரத்தை நாம் "ஸ்டெப்னி" என்கிறோமே, அது ஒரு தெருவின் பெயர்! வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த சகோதரர்கள் 1904-இல் அந்த உதவிச் சக்கரத்தைச் செய்தார்கள். உலகத்தில் பல ஊர்கள் அந்தப் பெயரை மறந்துவிட்டன. நம் ஊர்ப் பஞ்சர் கடை மறக்கவில்லை.

சுவரில் எழுதியிருப்பது

அம்மாளும் மகனும் நானுமாக டயர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் புது டயரைக் காட்டவில்லை. வண்டிக்குக் கீழே குனிந்து பழைய டயரைத் தடவினார். "இங்க பாருங்கம்மா" என்று கூப்பிட்டார்.

டயரின் பள்ளத்துக்குள்ளே அங்கங்கே குறுக்கு வரப்பு போல் சிறு மேடு இருக்கும். பக்கச் சுவரில் ஒரு சிறு முக்கோணம் அது இருக்குமிடத்தைக் காட்டும். மேல் ரப்பர் தேய்ந்து அந்த வரப்போடு சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். மோட்டார் வாகன விதிப்படியே அதற்கு மேல் அந்த டயரை ஓட்டக் கூடாது. அண்டா வீட்டு வண்டியின் பின் டயர்கள் இரண்டிலும் வரப்பு எது, ரப்பர் எது என்று தெரியவில்லை.

"மொட்டை டயர்ல போயிருக்கீங்க தம்பி. இதுக்குப் பட்டன் டயர் இல்லேன்னு குறை சொன்னா எப்படி?" என்றார் கடைக்காரர்.

அம்மாள் மகனைப் பார்த்தார். மகன் எதிரிலிருந்த டீக்கடையைப் பார்த்தார்.

டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எழுத்தை நீங்களே படிக்கலாம். ஜாதகக் கட்டத்தைவிடச் சுலபம். 215/75 ஆர் 15 என்று இருந்தால், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர்; பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 75 பங்கு; ஆர் என்பது ரேடியல்; 15 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். "ஒரு சைஸ் பெரிசாப் போட்டா வண்டி உசரமா நிக்கும்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். 215-க்குப் பதிலாக 235 போட்டால் சக்கரத்தின் விட்டம் 3 சென்டிமீட்டர் கூடும். அப்போது வேக முள் 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 62-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். சக்கரம் மட்கார்டில் உரசலாம். எஞ்சினும் கூடுதலாகத் திணறும். வண்டிக் கம்பெனி சம்மதித்த அளவுகள் கைப்புத்தகத்தில் இருக்கின்றன. அதை மீற வேண்டாம்.

அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். பாரம் ஏற்றும் வீட்டார் கவனிக்க வேண்டியது இதைத்தான். 100 என்றால் அந்த ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 108 என்றால் 1,000 கிலோ. வித்தியாசம் எட்டுத்தானே என்று நினைத்துவிடாதீர்கள். பின் டயர் இரண்டுக்குமாக 400 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை எட்டு! ஆல் டெரெய்ன் என்ற பெயரில் விற்பவற்றில் சொகுசு வண்டிக்கென்று செய்தவையும் உண்டு. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும், பாரம் தாங்கும் எண்ணோ சிறிதாக இருக்கும். அண்டா ஏற்றும் வண்டிக்கு அது ஆகாது. கம்பெனி போட்டுக் கொடுத்த டயரில் என்ன எண் இருந்ததோ, அதற்குக் குறையவே கூடாது. எண்ணை அடுத்து வரும் ஆங்கில எழுத்து வேகத்துக்கு உரியது.

பிறகு வயது. ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 3724 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 37-ஆவது வாரத்தில் பிறந்த டயர். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் கிழடு தட்டும். ஆகவே "ஆஃபர்" என்று இரண்டு மூன்று வருஷத்துச் சரக்கைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு நல்ல செய்தி. புது டயருக்கு நூற்றுக்கு 28 ஆக இருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. வரி சேர்க்காத விலை 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 7,680 ஆகியிருக்கும்; இப்போது 7,080. நாலு டயருக்கு 2,400 மிச்சம். ரசீது கேட்டு வாங்கினால்தான் இது உங்கள் கணக்கில் சேரும்.

எதிர் வீட்டு நியாயம்

"அப்படியானால் ஆல் டெரெய்ன் வீண் பகட்டா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதே தெருவில் எதிர் வீட்டுக்காரர் செடி, மரக்கன்று வியாபாரம் செய்கிறார். அவருடைய பிக்கப்புக்கு நாலும் ஆல் டெரெய்ன்தான். அவர் செய்தது முற்றிலும் சரி.

அவருடைய வண்டி பெரும்பாலான நாட்களில் திருச்சிற்றம்பலம், ஆரோவில் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்புகிறது. அங்கே செம்மண். வெயில் நாளில் மேலே தூள், கீழே கெட்டி. சரளை உருண்டு டயரைக் குத்தும். மழை பெய்துவிட்டால் மேல் மண் வெண்ணெய். வாரத்தில் நாலைந்து நாள் அதில் ஓடும் வண்டிக்கு ஹைவே டயர் போட்டால், மிச்சம் பிடித்த பணம் பஞ்சர் கடைக்கும், இழுத்து விட வரும் டிராக்டருக்கும் போய்விடும். ஏற்றுகிற பாரமும் அவருக்கு அதிகமில்லை.

பாகூர் மண் வேறு. ஏரிப் பாசன வயல் மண், ஒட்டிக்கொள்ளும் களி. நன்றாக ஊறிய களியில் ஆல் டெரெய்ன்கூட ஓரளவுக்குத்தான் உதவும்; அதற்கு மட் டயர் வேண்டும். வருஷத்தில் சில நாள் சேற்றுக்காக முந்நூறு நாள் தார்ச் சாலையில் மட் டயரோடு இரைவதா? அந்தச் சில நாளைக்கு வேறு வழி தேடுவதுதான் புத்திசாலித்தனம். ஊருக்குப் போன் போட்டு, பாதை எப்படி என்று கேட்பது. பாத்திரத்தை ஊர் எல்லையில் இறக்கி டிராக்டரில் மாற்றுவது. இரண்டு பலகையும் நாலு சாக்கும் வண்டியில் வைத்துக்கொள்வது.

கடற்கரை மணலுக்கு ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மணலில் டயரின் ரகத்தைவிடக் காற்றுத்தான் முக்கியம். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து, ஒட்டகத்தின் பாதம் போல் மணல் மேலே நடக்கும். திரும்பித் தார்ச் சாலைக்கு வந்ததும் காற்றை நிரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூடேறிப் பாழாகும். பாரத்தோடு காற்றுக் குறைவாக ஓடுவதைப் போல் டயருக்கு எமன் வேறு இல்லை. அதுவும் நம் சித்திரை வெயிலில்! காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் பொய்க் கணக்குக் காட்டும். காலி வண்டிக்கு ஒரு காற்று, பாரத்துக்கு ஒரு காற்று என்று கைப்புத்தகத்தில் குறித்திருப்பார்கள்.

கையில் பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறதா? புதியவை பின்பக்கம் போகட்டும். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழலும். வாய்க்கால் கரையில் நடந்தது அதுதான். ஆனால் முன்னால் ஒரு ரகம், பின்னால் ஒரு ரகம் என்று கலப்பது நல்லதல்ல. ஈரத்தில் ஒன்று பிடிக்க, ஒன்று நழுவும். ஒரே அச்சின் இடமும் வலமும் இரண்டு ரகமாக இருக்கவே கூடாது.

தீர்ப்பு

கடையில் அம்மாள் கேட்ட கேள்விகளைக் கேட்டுக் கடைக்காரரே வியந்து போனார். "இது எந்த வாரம் செஞ்சது? எவ்வளவு தாங்கும்? ஸ்டெப்னியும் இதே அளவா?" கடைசியில் நாலு ஹைவே டயர். ஆனால் பாரம் தாங்கும் எண், பழையதைவிட ஒரு படி மேல். ஆல் டெரெய்ன் வாங்காததில் மிஞ்சிய பணத்தில் சக்கரங்களின் நேர் பார்க்கும் அலைன்மென்ட் செலவு போக, காற்று அளக்கும் கருவி ஒன்றும் வாங்கினார்கள். அந்தக் கருவி இப்போது அம்மாள் கையில். "அவன் பார்க்கிறேன்னுதான் சொல்லுவான். நான் பார்த்துட்டா நிம்மதி."

மகனுக்கும் ஒரு வெற்றி உண்டு. நோட்டுப் புத்தகத்தில் புள்ளி போடும் வழக்கத்தை நிறுத்துவதில்லை என்று அம்மாளிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். இந்த டயர்கள் தேய்ந்து முடிவதற்குள் மண்பாதை நடைகள் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டால், அடுத்த முறை பட்டன் டயர்! இப்போதெல்லாம் கிராமத்துக் கல்யாணம் என்றால் அவர் மிகவும் உற்சாகமாகப் போகிறாராம்.

சென்ற வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பழைய டயர்களில் மூன்றைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டுவிட்டார். ஒன்று கொல்லையில் வேப்பமரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, பேத்திக்கு ஊஞ்சல். அடியில் நாலு இடத்தில் ஓட்டை போட்டிருந்தது.

"மழைத் தண்ணி தேங்கினா டெங்கு கொசு வந்துடுமே தம்பி" என்றார் அம்மாள், குழந்தையை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே.